ரிங் உட்காரும் வரை

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். தூக்கத்தில் உங்கள் கை எதையாவது பிடித்துக்கொள்கிறதா? என் இடது கை பிடித்துக்கொள்கிறது. நான்கு விரல்களும் மடங்கி, கட்டைவிரல் மட்டும் தனியே நின்று, இல்லாத ஒரு லீவரை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. வீட்டுக்காரர் எழுப்பிவிட்டு, "பஸ்ஸுல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறியாக்கும்?" என்று கேட்பார். ஆமாம் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். கிளட்ச் என்று சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்களிடம் ஆரம்பிக்கலாம். உங்களுக்கு அந்த வெயில் தெரியும். டியூப்லைட் அதிசயமாக இருந்த, ரேடியோவுக்குத் துணியுறை தைத்த, கிணறு வற்றினால் பெரியவர்கள் குரல் தாழ்ந்துபோன அந்தக் கோடைகள் தெரியும். ஆறாம் வகுப்பு முடிந்து ஏழாம் வகுப்பு திறக்காத ஒரு கோடை. அதற்குள் ஒரு வண்டி இருந்தது.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அப்பாவின் பட்டறை. தகரக் கூரை, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கண்ணைக் கூசவைக்கும் வெல்டிங். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவதுதான் தொழில். தரையெல்லாம் சுருள் சுருளாக இரும்புச் சீவல். நீலமும் தங்கமும் கலந்த நிறம், மயிலிறகு மாதிரி. தொட்டால் கிழிக்கும். செருப்பில்லாமல் அதற்குள் நடக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஒரு லீவு நாளில் அப்பா மிச்சம் கிடந்த தண்ணீர்க் குழாயை வளைத்து ஒரு சட்டம் பண்ணினார். பழைய ஸ்கூட்டரின் சின்னச் சக்கரங்கள் இரண்டு. பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேயரின் டேங்க். யாரோ தூக்கிப்போட்ட மொபெட்டின் என்ஜின். எல்லாம் சேர்ந்து என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வண்டி ஆயிற்று. கைப்பிடியைத் திருகினால் ஈ மாதிரி இரையும். சந்துக்குள் பறக்கும். கோழிகள் சிதறும். சந்துக்கு வெளியே, ரயில்வே கேட்டுக்கு ஏறுகிற மேட்டில் அதற்கு மூச்சு நின்றுவிடும்.

ஒரு நாள் பொழுதோடு, ஷிப்டு முடிந்து மில்லுப் பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருக்கும்போது, அந்த மேட்டின் பாதியில் நின்றது. கால் ஊன்றித் தள்ளிப் பார்த்தேன். பின்னால் உருண்டது.

"ஏனம்மணி, நீ அது மேல போறியா, அது உன்ற மேல வருதா?"

"எறங்கி இடுப்புல தூக்கி வெச்சுக்க கண்ணு. பால் கேக்குதாட்ட இருக்குது."

அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தாள். நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை. தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. அவளும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து வண்டியைச் சுவரில் மோதிப் போட்டேன். அப்பா எண்ணெய்க் கையோடு வந்து நின்று விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் உயிரே போகிற அளவுக்குப் பிரியம் வந்தது அந்த இடத்தில்தான்.

"பெருசு வெச்சுப்போடலாம் அம்மணி. அப்பறம் இந்த மேடு உனக்குப் படுத்துக் குடுக்கும்."

"எத்தாச்சோடு பெருசுங்க?"

"நூறு சி.சி." கொஞ்சம் யோசித்தார். "கொளத்துப் பந்தயத்துல உடலாம். நீதான் ஓட்டறே."

குளத்துப் பந்தயம் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். குளம் வற்றி வெடித்ததும் சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் கூடி வைத்துக்கொள்ளும் பந்தயம். கடையில் வாங்கின வண்டி சேராது. சொந்தப் பட்டறையில் பண்ணினதுதான் ஓட வேண்டும். மீசை முளைக்காத பொடுசுகளுக்கென்று தனியாக ஓர் ஓட்டம். ஜெயித்தவனுக்கு ஃபவுண்டரிக்காரர் ஒருவர் பித்தளையில் வார்த்த கோப்பை. அதில் எந்தப் பெண்பிள்ளையும் ஓட்டியதில்லை. ஓட்டக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அப்படி ஒரு கேள்வியே அந்தக் குளத்துக்குள் இறங்கியதில்லை.

"நெசமாலுமாங்க?"

அப்பா கையை நீட்டினார். மாடு வாங்கி விற்கும்போது பெரியவர்கள் அடிப்பார்களே, அதுபோல என் உள்ளங்கையில் பட்டென்று அடித்தார். கருப்பு மசி என் கையில் ஒட்டியது. சோறு தின்னும்வரை கழுவவில்லை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு என்னையும் கூட்டிப்போனார். மலை மலையாக வண்டிகளின் எலும்பு. கிரீஸும் துருவும் பிரியாணியும் கலந்த வாசம். நசுங்கிய ஒரு மோட்டார் சைக்கிளுக்குள்ளிருந்து கடைக்காரர் அந்த என்ஜினைக் கழற்றி வெளியே உருட்டினார். உதை வாங்கின மாட்டின் தலைபோல அது மண்ணில் உட்கார்ந்தது.

"எந்த வண்டிக்குங்க இது?"

"இந்தப் புள்ள ஓட்டற வண்டிக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என்ஜினைப் பார்த்தார். "ரெண்டையும் தராசுல வெச்சா என்ஜின் பக்கந்தாங்க எறங்கும்."

அதுதான் பிரச்சினை. பெரிய என்ஜினைச் சின்னச் சட்டத்துக்குள் வைக்கிறோம் என்று சொல்வது சுலபம். என்ஜின் தலை மேல்குழாயில் இடித்தது. குழாயை அறுத்து வளைத்தார். வளைத்ததும் டேங்க் உட்கார இடமில்லை. டேங்கைத் தூக்கினார். தூக்கியதும் ஹேண்டில்பார் திரும்பவில்லை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணிக்கொண்டது. செயின் நேராக ஓட வேண்டுமே, அதற்கு அம்மாவின் மில்லிலிருந்து வந்த நூலை என்ஜின் பல்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை இழுத்துக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, பக்கம் காட்டிக் கையசைப்பார். "இக்கட்ட கொஞ்சம். போதும். அசையாதே." நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "என்ஜினப் பெருசு பண்ணியாச்சு. பிரேக்கு அதேதானுங்களா?"

"கொளம் பூரா எடம் கெடக்குது. பிரேக்கு எதுக்கு?"

"ஊட்டுல இருந்து கொளத்துக்குப் போவோணுமே."

மறுநாள் பிரேக் கம்பியை மாற்றினார்.

பிறகு என்னை அளந்தார். ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி, தோளிலிருந்து விரல்வரை, இடுப்பிலிருந்து முட்டிவரை, முட்டியிலிருந்து குதிகால்வரை டேப் வைத்தார். சிமென்ட் தரையில் என் இரண்டு பாதங்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். அந்த அளவுக்குத்தான் கால் வைக்கும் கட்டைகளை லேத்தில் கடைந்தார், வழுக்காமலிருக்க மேலே சொரசொரவென்று கோடு இழுத்தார். பாவாடை தைக்கக்கூட என்னை யாரும் அத்தனை கவனமாக அளந்ததில்லை. போன வருஷத்து அளவுக்கு ஒரு சாண் கூட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். அந்த வண்டி மட்டும் எனக்கு அளவெடுத்துச் செய்தது.

முதல் தடவை கிளப்பியபோது அது குதித்தது. ஈ இரைச்சல் போய் நாய்க் குரைப்பு. கிளட்சை விட்ட நொடியில் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. நான் பின்பக்கமாக மண்ணில். அப்பா ஓடிவந்து முதலில் என்ஜினை அணைத்தார், அப்புறம் என்னைத் தூக்கினார். வரிசை அதுதான். அப்போது அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

குட்டை வண்டிக்குப் பெரிய என்ஜின் வைத்தால் அப்படித்தான் தூக்கும். முன்பக்கம் ஒரு சாண் நீட்டி வெல்டிங் வைத்தார். மிச்சத்தை என் இடது கை கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கிளட்சை விட்டால் பாயும், பிடித்தால் உறுமும், இரண்டுக்கும் நடுவே நெல்மணி அளவுக்கு ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் வண்டி நம் சொல் கேட்கும். கை காய்த்துப் போனது. ஒரு காலையில் அந்த இடம் கிடைத்தது. வண்டி தண்ணீரில் இறங்கிய வாத்து மாதிரி நகர்ந்தது. ரயில்வே கேட் மேடு எனக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. எதிரே வந்த மில்லுப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் வேகமாகப் போகக் கூடாது. சிலிண்டரைப் புதிதாகத் துளையிட்டு, புது பிஸ்டன், புது ரிங் போட்டிருந்தது. உங்களில் வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். புது ரிங் சிலிண்டர் சுவரோடு உரசி உரசி, ஒன்றுக்கொன்று பழகி உட்கார வேண்டும். அதுவரை மெதுவாக, ஒரே சீராக ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான், என்ஜின் செத்தது.

"பசங்க கையில குடுத்தா முறுக்கிப்போடுவானுக," என்றார் அப்பா. "உனக்குத்தான் கண்ணு பொறுமை."

வேகம் காட்ட மீட்டர் கிடையாது. அதற்கு ஒரு வழி சொன்னார்.

"பாடிட்டே ஓட்டு. உன்ற பாட்டு உன்ற காதுக்குக் கேக்கோணும். கேக்கலீன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

அப்படியாக அந்தக் கோடை முழுவதும் பாடினேன். ரேடியோப் பாட்டு தீர்ந்தால் பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து. அதுவும் தீர்ந்தால் பதினாறாம் வாய்ப்பாடு. வாய்ப்பாடும் தீர்ந்தால் வழியில் பார்த்ததை எல்லாம் ராகம் போட்டேன். சோளத்தட்டுப் போர், ஊருக்குப் போகாத பஸ், மூக்கில் கொம்பு குத்தின எருமை. தடாகம் ரோட்டில் செங்கல் சூளைகளுக்கு நடுவே செம்மண் பாதை. சூளைப் புகை, அந்தப் பக்கம் நீலமாகக் குருடிமலை, என் வாயெல்லாம் மண். சூளையில் கல் சுமக்கும் பெண்கள் என்னைப் "பாட்டுக்காரி" என்றார்கள். "பாட்டுக்காரி வாரா, ஒதுங்குங்கடி" என்று தலைச்சுமையோடு வழிவிடுவார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.

அரைமணிக்கு ஒரு தரம் நிறுத்தி, சிலிண்டரின் மேல் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பேன். சுர்ரென்றால் காத்திருப்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, அது டிக் டிக்கென்று ஆறும் சத்தத்தைக் கேட்பேன். அது அப்பாவோடு பேசாத பாஷையில் என்னோடு பேசியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். கருப்பாக இருந்தால் ஆயில் கூடுதல். வெளுத்திருந்தால் சூடு கூடுதல். காப்பிப்பொடி நிறம் வர வேண்டும், அந்த நிறம் வந்தால் என்ஜின் பழகிவிட்டது. நாள்தோறும் கருப்பு, கருப்பு, பழுப்புக்கும் கருப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று. பிறகு ஒரு நாள் அப்பா அதைத் துடைக்காமல் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். புதிதாக வறுத்து அரைத்த காப்பிப்பொடி.

"உக்காந்துருச்சு," என்றார். "இனி என்ன முறுக்கு முறுக்குனாலும் தாங்கும்."

அன்றைக்குப் பொழுதோடு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டெலிபோன் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனார். சத்தியமங்கலத்துக்கு, அத்தைக்குப் பேச. பந்தயம் பார்க்க வரச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அதே நாள், பாருங்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தாய் இறந்தபின் அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அத்தை எதிரே அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். ஈரத்துணி சுற்றிய மல்லிகைக் கூடையோடு அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கினார். பின்னால் அத்தை மகன். என்னைவிட ஒரு தலை உயரம். மேலுதட்டில் பென்சிலால் கிறுக்கினதுபோல் ஒரு நிழல். ஒன்பதாம் வகுப்பில் தவறிவிட்டிருந்தான். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள். அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினான். ஊரில் யாரோடும் விளையாடப் போவதில்லை, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று அத்தை அம்மாவிடம் குரல் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் அவனாகவே என்னிடம் வந்தான்.

"அம்மணி, அந்தக் கிளட்ச எப்பிடி உடறே?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பெரிய பையன் ஒருவன் என்னிடம் கேட்கிறான். பட்டறைக்குப் பின்னாலிருந்த தோப்புக்குள் கூட்டிப்போனேன். அவன் கைமேல் என் கையை வைத்து, "இங்க இல்ல. இங்க. இப்ப கேளு, சத்தம் கீழ எறங்குதா? இதுதான்," என்று அந்த நெல்மணி இடத்தை அவன் விரலுக்குக் காட்டிக்கொடுத்தேன். முதல் தடவை அவன் தென்னை மரத்தில் முட்டினான். இரண்டாம் தடவை வண்டி அவனைத் தூக்கி வரப்பில் போட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "எனக்கு இந்தச் சத்தமே ஆகல," என்றான். "அப்பறம் எதுக்குக் கத்துக்கறே?" என்று கேட்டேன். திரும்ப வண்டியை நிமிர்த்தினான். அவனுக்குத் தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது என்று அவனிடமும் சொல்லிவைத்திருந்தார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அத்தை என்னை மருதமலைக்குக் கூட்டிப்போனார். நாங்கள் இருவர் மட்டும். கும்பிட்டு, குரங்குக்குப் பொரி போட்டு, படியெல்லாம் நிதானமாக இறங்கிவந்தோம். அடிவாரக் கடைகளின் முன்னால் நின்று, "என்ன வேணுமோ கேளு கண்ணு. அத்தை வாங்கித் தாரேன்," என்றார்.

கூலிங் கிளாஸ் கேட்டேன். ஊதா நிற பிளாஸ்டிக். "கொளத்துல தூசி அடிக்குமுங்க அத்தை. ஓட்டறப்ப கண்ணத் தெறக்கோணுமே."

அத்தை என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கினார். கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. வாழ்நாளில் பேரம் பேசாமல் அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. அப்போது அதைப் பாசம் என்று நினைத்தேன்.

பந்தயத்தன்று காலையில் தலை சீவாமல், பல் தேய்க்காமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். உலகம் முழுக்க ஊதா. ஊதா லேத், ஊதாச் சீவல், ஊதா வண்டி. ஏறி உட்கார்ந்தேன்.

கால் எட்டவில்லை.

ஒரு கணம், நான்தான் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து முன்னால் நகர்ந்தேன். அப்போது கை எட்டியது, கால் எட்டவில்லை. குனிந்து பார்த்தேன். என் பாத அளவுக்கு வைத்த கட்டைகளை அறுத்து எடுத்திருந்தது. அறுத்த இடத்தைச் சாணை பிடித்து வழவழவென்று பளபளப்பாக்கியிருந்தது. புதுக் கட்டைகள் கீழே, பின்னால் தள்ளி. சீட்டும் பின்னுக்குப் போயிருந்தது. அப்பாவின் வேலையில் எப்போதும் அப்படித்தான், அறுத்த தழும்பு தெரியாது.

அப்பா கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அப்பா, கால் எட்டலீங்க."

"மாப்பிள்ளை ஓட்டட்டும் கண்ணு." துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "பையன் மனசு ஒடஞ்சு கெடக்கறான். ஒரு பந்தயம் ஜெயிச்சா எந்திரிச்சு நிப்பான். அக்கா கேட்டு நான் இல்லீன்னு சொல்ல முடியுமா?"

"எனக்குன்னு சொன்னீங்க. கையடிச்சீங்க."

"உனக்குத்தான, யாரு இல்லீன்னா? அவன் யாரு? உன்ற அத்தை மகன். நாளைக்கு உனக்குன்னு ஆவப்போறவன். அவன் ஓட்டுனா நீ ஓட்டுன மாதிரிதான்."

அவர் என்னை ஏமாற்றப் பேசவில்லை. அதை நம்பினார். முறை இருக்கிறது, முறை மாப்பிள்ளை இருக்கிறான், வண்டி வீட்டைவிட்டு வெளியே போகவில்லை, பிறகு இந்தப் பெண் எதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள்? பெரியவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டு, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று விடை கண்டுபிடித்திருந்தார்கள்.

அம்மா வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பிரேக்கைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவளுக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

"காப்பி ஆறுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை மகன் தயங்கிக்கொண்டே வெளியே வந்தான். மேலுதடு பச்சையாக, வழுவழுவென்று இருந்தது. மீசை முளைக்காதவர்கள் பந்தயமல்லவா? விடியும்போதே சிரைத்துவிட்டிருந்தார்கள். உதட்டோரம் பிளேடு கிழித்து ஒரு பொட்டு ரத்தம்.

குளத்துக்கு நானும் போனேன். வரமாட்டேன் என்று சொல்லும் தைரியம் அந்த வயதில் யாருக்கு இருந்தது? பாளம் பாளமாக வெடித்த மண். மிதித்தால் நத்தை ஓடு நொறுங்கும். கணபதியிலிருந்து, சிங்காநல்லூரிலிருந்து, பீளமேட்டிலிருந்து வந்த வண்டிகள் கரையோரம் வரிசையாக. ஒன்றுக்கு டிராக்டர் சீட்டு, ஒன்றுக்கு ஹேண்டில்பார் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுக் கொம்பு. குச்சி ஐஸ், வேர்க்கடலை, அதட்டல்.

நம் வண்டி கிளம்பவில்லை. அத்தை மகன் உதைத்தான். அப்பா உதைத்தார். மற்றவர்கள் எல்லாம் உறுமிக்கொண்டு கோட்டில் நின்றாயிற்று.

"ஏனுங்க, அது வண்டிங்களா, மாவாட்டற கல்லுங்களா?"

"கொளத்துல தண்ணி வரட்டும், மெதந்து போகும்."

அப்பாவின் கழுத்தில் நரம்பு புடைத்தது. கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"அம்மணி, இங்க வா. ஒரு ஒத உட்டுட்டுப் போ."

வேறொன்றும் இல்லை, சோக்கைப் பாதி இழுத்து, கிக்கரை மெதுவாக அமுக்கி, எதிர்ப்பு தட்டுகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே உதை. சாயங்காலம் சாயங்காலமாக எனக்கும் அதற்கும் ஏற்பட்ட பழக்கம். நான் போகாமல் இருந்திருக்கலாம். கரையிலேயே நின்று, ஊரே சிரிப்பதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த என்ஜின் எனக்கு என்ன கெடுதல் பண்ணியது? அதை நான்கு பேர் கல்லு என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்தில் நின்றபடியே உதைத்தேன். ஒரே உதை. குரைத்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

ஹேண்டில்பார் என் கையில் இருந்தது. ஏறிப் பறந்துவிட நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஏறினால் கியருக்குக் கால் எட்டாது. அப்பா அவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருந்தார்.

அத்தை மகன் என் காதருகே குனிந்து, "நீயே ஓட்டறியா?" என்றான். நிஜமாகத்தான் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏறு மாப்பிள்ளை, கொடி காட்டப்போறாங்க!" என்று அப்பா அவன் தோளைத் தள்ளினார்.

அவன் ஜெயித்தான். ஜெயிக்காமல் எப்படி? மற்றவர்கள் எல்லாம் மொபெட் என்ஜின். பாதிச் சுற்றிலேயே தூசிக்குள் அவன் தனியாகிவிட்டான். அந்தச் சத்தத்தில் ஒரு துளி பிசிறில்லை. அவ்வளவு சுத்தமாக ஓடியது. அந்தச் சுத்தத்தைச் செய்தது யார் என்று அந்தக் குளத்தில் இருந்தவர்களில் எனக்கும் என்ஜினுக்கும் மட்டுந்தான் தெரியும். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என்ற மருமவன்! என்ற மருமவன்!" என்று கத்தினார். பித்தளைக் கோப்பை வெயிலில் கண்ணைக் குத்தியது. அத்தை அழுதார். அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வண்டி பஸ் மேலேறி அவனோடு சத்தியமங்கலம் போயிற்று. அவன் அதை ஓட்டவேயில்லையாம். மழையில் நின்றது, கோழி முட்டையிட்டது, பிறகு யாரோ என்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப்பின் அது எந்த வண்டியில் ஓடியது, எங்கே நின்றது, எனக்குத் தெரியாது.

முறை என்றார்களே, அதுவும் நடக்கவில்லை. ஜாதகம் சேரவில்லை என்று அத்தையே சொல்லிவிட்டார். அவனுக்குப் பவானிசாகர் பக்கம் பெண் எடுத்தார்கள், என்னைத் திருப்பூரில் கொடுத்தார்கள். எந்தக் கணக்கில் என் வண்டியைக் கொடுத்தார்களோ அந்தக் கணக்கை அவர்களே அழித்துவிட்டார்கள். வண்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

போன தை மாதம் என் மகளுக்கு நிச்சயம். அப்பாவுக்கு வயதாகியும் கண், காது, புத்தி மூன்றும் கூர். வெர்னியரில் இன்னும் அளவு பார்ப்பார். பந்தியில் மாப்பிள்ளைப் பையன் அவருக்குப் பக்கத்து இலை. வண்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், பேச்சு என்ஜினுக்குப் போயிற்று.

"உங்க மாமியார் யாருன்னு நெனச்சீங்க மாப்பிள்ளை?" என்றார் அப்பா, இலையைவிட்டு நிமிர்ந்து. "நூறு சி.சி. என்ஜின் வெச்ச குட்டி வண்டி. நான் செஞ்சது. கொளத்துப் பந்தயத்துல ஒருத்தனையும் கிட்ட நெருங்க உடல. கோப்பையோட வந்தா, பாருங்க!"

"அத்தைங்களா?" பையன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவருக்கு அது தெரிந்தது, தூசியும் நானும் கோப்பையும், கண்ணெதிரே. அம்மாவைப் பார்த்தேன். எதிர் வரிசையில் இருந்தாள். "ஆமாமா," என்றாள், அப்பளத்தை ஒடித்துக்கொண்டே. "தூசின்னா தூசி, அப்பிடித் தூசி அன்னிக்கு."

மிச்சம் ஒருவன் இருந்தான். அம்மாவுக்கு அடுத்த இலையில் அத்தை மகன். பூ மண்டியில் வியாபாரம், நிச்சயத்துக்குப் பூவெல்லாம் அவன் கொண்டுவந்ததுதான். மீசை முழுக்க நரைத்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் இலையைப் பார்த்தான்.

"ஆமாங்க மாமா," என்றான். "அம்மணிதான் ஓட்டுச்சு. நான் கரையில நின்னு பாத்தனே."

எனக்குத் திருப்பித் தருவதாக நினைத்துத்தான் சொன்னான். தெரியும். இத்தனை வருஷம் சுமந்ததை என் இலையோரத்தில் இறக்கி வைத்தான். ஆனால் அதோடு, நடந்ததைப் பார்த்த கடைசி ஆளும் போனான்.

"இல்லீங்க," என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. "நான் ஓட்டலீங்க. என்னைய ஓட்ட உடலீங்க."

பரிமாறுகிறவர் கை ஒரு கணம் நின்றது. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே எட்டி என் கையைப் பிடித்தார்.

"என்ன அடக்கம் பாருங்க! இப்பிடி ஒரு ஊட்டுல பொண்ணெடுக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்."

"அவ என்னிக்கும் அப்பிடித்தானுங்க, தன்னப்பத்தி வாயே தெறக்கமாட்டா," என்றார் அப்பா. பந்தி முழுவதும் சிரித்தது. என் மகள் பெருமையோடு என்னைப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் நனைந்திருந்தன.

பாயசக்காரர் குனிந்து, "உங்களுக்குங்க?" என்றார்.

ஊற்றச் சொன்னேன்.